சீனர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் மதமா?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 10

"சீனாவில் பத்துப் பேரில் ஒருவர்தான் தனக்கு மதம் உண்டு என்கிறாராம். மீதி ஒன்பது பேர் நாத்திகர்கள். மாவோ செய்து காட்டியதைப் பெரியார் பிறந்த மண்ணில் நம்மால் ஏன் செய்ய முடியவில்லை?"

2024 மார்ச் 11

எண் சரிதான். 2018இல் எடுத்த சீனப் பொதுச் சமூக ஆய்வில், ஏதோ ஒரு மதத்தைச் சேர்ந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பெரியவர்கள் சுமார் 10%. ஆனால் அதே வருடம் குடும்பங்களிடம் எடுத்த இன்னொரு பெரிய ஆய்வில், கடந்த ஒரு வருடத்துக்குள் குடும்பக் கல்லறைக்குப் போய்வந்தேன் என்றவர்கள் 75%. கல்லறைக்குப் போனாலே பக்தியா என்று கேட்பீர்கள். அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். புல்லைச் செதுக்கி, பழமும் கோழியும் மதுவும் படைத்து, ஊதுவத்தி கொளுத்தி, தாள் பணம் எரிக்கிறார்கள். செத்துப்போனவருக்குச் செலவுக்குப் பணம் அனுப்பும் ஆளை நாத்திகர் பட்டியலில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

மாவோ விஷயம். 1966க்குப் பிறகு கலாசாரப் புரட்சியில் கோயில்களை இடித்தார்கள், வீடு வீடாகப் புகுந்து முன்னோர் பெயர் எழுதிய பலகைகளைப் பிடுங்கி எரித்தார்கள். 2008இல் அதே கம்யூனிஸ்ட் கட்சியின் அரசு, கல்லறைக்குப் போகிற சிங் மிங் நாளைப் பொது விடுமுறை ஆக்கியது. செய்து காட்டியது இவ்வளவுதான்.

2024 மார்ச் 11, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சி.கே. யாங் என்ற சமூகவியலாளர் 1961இலேயே இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி சொன்னார். பூசாரி, மடம், உறுப்பினர் என்று தனியாக நிற்கிற மதம் ஒரு வகை. குடும்பம், தொழில், ஊர், அரசு எல்லாவற்றுக்குள்ளும் கரைந்து கிடக்கிற மதம் இன்னொரு வகை. சீனாவில் இரண்டாவதுதான் பெரியது. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டு என்று கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால், "எனக்கு மதமெல்லாம் இல்லை" என்பார்கள். பொய் சொல்லவில்லை. அப்பாவுக்குப் படைப்பது அவர்களுக்கு மதம் அல்ல, மகன் செய்ய வேண்டிய வேலை.

2024 மார்ச் 14

"மகன் செய்ய வேண்டிய வேலை" என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். மகள் செய்தால் என்ன என்கிறார். நல்ல இடத்தில்தான் பிடித்திருக்கிறார், ஏனென்றால் இந்தத் துறையில் என்னை இழுத்ததே இந்தக் கேள்விதான். என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். மூத்த மகள் நான் தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை. அதனால் எந்த ஊர் ஆய்வைப் படித்தாலும் மகளை எங்கே நிறுத்தினார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

பழைய சீன ஏற்பாடு இப்படி. மகன் அப்பாவின் வம்சத்தில் பிறக்கிறான், செத்த பிறகு அவன் பெயர் எழுதிய பலகை வீட்டுப் பூசை மேடையில் ஏறும், அவன் பிள்ளைகள் அதற்குப் படைப்பார்கள். மகள் கல்யாணம் ஆகிப் போனால் அவள் பலகை புருஷன் வீட்டு மேடையில். கல்யாணமே ஆகாமல் செத்தால்? பிறந்த வீட்டு மேடையில் இடமில்லை. புகுந்த வீடு என்று ஒன்று கிடையாது. படைக்க ஆளில்லாத ஆவி பசியோடு அலையும், அலைகிற ஆவி தொந்தரவு கொடுக்கும்.

தைவான் கிராமங்களில் வேலை பார்த்த ஆர்தர் வுல்ஃப் 1974இல் எழுதிய கட்டுரையின் சாரம், ஒரு வீட்டு முன்னோர் அடுத்த வீட்டுக்காரனுக்குப் பேய் என்பது. தெய்வம், முன்னோர், பேய் என்ற மூன்று வகையும் யார் யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தே பிரிகிறது. அந்தக் கணக்கில் கல்யாணமாகாமல் செத்த மகள் பெற்றவர்கள் வீட்டிலேயே பேய்.

2024 மார்ச் 15

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒருவர்: "எங்கள் வீட்டில் கல்யாணமாகாமல் செத்த அத்தையை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறோம். புதுப் பாவாடை வைத்துப் படைப்போம். நல்ல காரியம் எதுவும் அவளைக் கேட்காமல் நடக்காது."

ஆமாம், நம்மூரில் பல சாதிகளில் இது உண்டு. அங்கே வெளியே தள்ளப்பட்டவள் இங்கே உள்ளே தெய்வம். ஆனால் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. உயிரோடு இருந்தபோது அந்த அத்தைக்கு வீட்டில் என்ன பங்கு இருந்தது என்று யாரும் எழுதவில்லை.

2024 மார்ச் 19

வேலை விஷயமாகத் தைவானின் காவ்ஷியூங் துறைமுக நகருக்குப் போயிருந்தபோது, எதிரே இருக்கும் சிஜின் தீவுக்குப் படகில் போனேன். கடல் உணவு சாப்பிடத்தான் எல்லாரும் போவார்கள். நான் ஒரு கல்லறையைப் பார்க்கப் போனேன்.

1966இல் காவ்ஷியூங்கில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை திறந்தார்கள். சிஜின் பெண்கள் காலையில் படகேறித் தொழிற்சாலைக்குப் போய், சாயங்காலம் வருவார்கள். சம்பளம் அப்படியே அம்மா கைக்குப் போகும், தம்பி படிப்பான். 1973 செப்டம்பர் 3 காலையில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்தது. செத்தவர்கள் 25 பேர். அத்தனை பேரும் கல்யாணமாகாத பெண்கள். வீட்டு மேடையில் இவர்களுக்கு இடமில்லை என்பதால் எல்லாரையும் ஒரே இடத்தில் புதைத்து, 25 கன்னிகள் கல்லறை என்று பெயர் வைத்தார்கள். வம்சத்தை ஓட்டிய சம்பளம் அவர்களுடையது, வம்சத்தில் இடம் மட்டும் கிடையாது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. புருஷன் தேடும் பேய்கள் அங்கே இருக்கின்றன, அந்தப் பக்கம் போனால் மோட்டார் சைக்கிள் நின்றுவிடும் என்று ஊரில் கதை கிளம்பியது. ஆண்கள் அந்த வழியாகப் போகவே பயந்தார்கள். பெற்றவர்களோ வேறு கதை சொன்னார்கள். மகள் கனவில் வந்து, நான் பேய் இல்லை, கருணைத் தெய்வமான குவான்யின் அம்மனிடம் சேவைக்குச் சேர்ந்துவிட்டேன் என்றாளாம். இந்தக் கல்லறையை ஆராய்ந்த மானுடவியலாளர் ஆன்ரு லீ இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிறகு உள்ளூர்ப் பெண்ணுரிமை அமைப்பு வந்து, இவர்கள் கன்னிகளும் இல்லை பேய்களும் இல்லை, வேலைக்குப் போகும் வழியில் செத்த தொழிலாளர்கள் என்று வாதாடியது. 2008இல் நகராட்சி அந்த இடத்தைச் சீரமைத்துப் பெண் தொழிலாளர் நினைவுப் பூங்கா என்று பெயர் மாற்றியது.

பெண்ணியவாதிகள் சொன்னது எனக்குச் சரிதான். ஆனால் "தொழிலாளர்" என்று கல்வெட்டில் பொறித்தால் அந்த அம்மாவின் கவலை தீருமா? அவளுக்கு வேண்டியது மகளுக்கு ஒரு வீடு. குவான்யினிடம் சேர்த்துவிட்டால் வீடு கிடைத்துவிட்டது. இந்த இரண்டில் எது அந்தப் பெண்ணுக்கு அதிக மரியாதை என்று அங்கே நின்றபோதும் முடிவு செய்ய முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

2024 மார்ச் 20

"தைவானைச் சொல்லிச் சீனாவை விளக்குகிறீர்கள்" என்று ஒரு புகார். 1949க்குப் பிறகு முப்பது வருடம் வெளி ஆய்வாளர்களைச் சீனா உள்ளே விடவில்லை. அதனால் தைவானும் ஹாங்காங்கும்தான் அவர்களுக்குக் களம். அந்தப் பழைய ஆய்வுகளைச் சீனா முழுவதற்கும் அப்படியே நீட்டக்கூடாது என்பது ஞாயமான எச்சரிக்கை. அடுத்து தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தைப் பற்றி எழுதுகிறேன், பொறுங்கள்.

2024 ஏப்ரல் 4

இன்று சிங் மிங். சிங்கப்பூரில் விடுமுறை இல்லை, ஆனாலும் கல்லறைகள் இருக்கும் சுவா சூ காங் பக்கம் வண்டி நகராது. எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே தகரப் பீப்பாயில் தாள் பணம் எரிகிறது. காகிதத்தில் செய்த கைப்பேசியும் போகிறது. சார்ஜரும் சேர்த்து விற்கிறார்கள், கடைக்காரர் கெட்டிக்காரர்.

சரி, குவாங்டாங். பேர்ல் ஆற்றுக் கழிமுகத்தில் ஷுண்டே என்று பட்டு விளையும் வட்டாரம். 1870களில் அங்கே நீராவிப் பட்டு ஆலைகள் வந்தன. கொதிநீரில் கூட்டை நனைத்து நூல் எடுக்கிற வேலைக்குப் பெண்கள்தான், அதிலும் கைக்குழந்தை இல்லாதவர்கள். பெண்ணின் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் ஒரு வழக்கம் பெருகியது. கல்யாணத்தன்று மணப்பெண்ணின் சடையை அவிழ்த்துக் கொண்டை போடுவார்கள். சில பெண்கள் குவான்யின் முன்னால் கல்யாணமே வேண்டாம் என்று சத்தியம் செய்து, மாப்பிள்ளையே இல்லாமல், அந்தக் கொண்டையைப் போட்டுக்கொண்டார்கள். விருந்தும் உண்டு. அன்றிலிருந்து அவள் பெரியவர்களில் ஒருத்தி. யாரும் பெண் கேட்டு வர முடியாது. சத்தியத்தை மீறினால் தண்டனை கடுமை.

ஆனால் பலகைப் பிரச்சினை இங்கேயும் துரத்தியது. கொண்டை போட்டவள் பிறந்த வீட்டில் சாகக் கூடாது. அதனால் பெண்கள் காசு சேர்த்துத் தங்களுக்கென்று பொது வீடு கட்டினார்கள், அல்லது பெண்கள் நடத்தும், புலால் உண்ணாத மடத்தில் சேர்ந்தார்கள். ஒருத்தி செத்தால் மற்றவர்கள் படைப்பார்கள். வேறு சிலர் செத்துப்போன ஒரு ஆணுக்குக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவன் வீட்டுக்குப் பணம் கொடுத்து, அந்த வீட்டு மேடையில் தனக்கு ஒரு பலகைக்கான உரிமையை வாங்கிக்கொள்வது. உயிருள்ள புருஷனின் தொல்லை இல்லை, செத்த பிறகு சோற்றுக்கும் பஞ்சமில்லை.

2024 ஏப்ரல் 6

பினாங்கு நண்பர் "மா ஜே பற்றி எழுதாமல் விட்டால் எப்படி" என்கிறார். கொண்டை போட்டு வீட்டு வேலைக்கு வந்த பெண்களைத்தான் சொல்கிறார். விடவில்லை.

1930களின் உலகப் பொருளாதாரச் சரிவில் ஷுண்டே பட்டு படுத்துவிட்டது. அதே சமயத்தில் இங்கே சிங்கப்பூரில் பிரிட்டிஷ் அரசு சீன ஆண்கள் வருவதற்கு உச்சவரம்பு போட்டது. 1933இன் அந்நியர் சட்டம் அதைத்தான் செய்தது. பெண்களுக்கு 1938 வரை வரம்பில்லை. கப்பல் கம்பெனிகளுக்குக் காலி இடம், ஷுண்டே பெண்களுக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் கொண்டை. பணக்காரச் சீனர், வெள்ளைக்காரர் வீடுகளில் குழந்தை வளர்த்தார்கள், சமைத்தார்கள். விடுமுறைக்கு ஒதுங்க நாலைந்து பேர் சேர்ந்து சைனாடவுனில் அறை வாடகைக்கு எடுத்தார்கள். சிவப்புத் துணி தலையில் கட்டி, கட்டுமான வேலை செய்த சம்சுய் பெண்கள் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள், சுற்றுலா வழிகாட்டிகளே குழப்புகிறார்கள்.

1950 வாக்கில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஷுண்டே பெண்கள் பணம் திரட்டி ஊரில் தங்கள் முதுமைக்கு ஒரு பெரிய வீடு கட்டினார்கள். பிங் யூ டாங் என்று பெயர். இப்போது அது அருங்காட்சியகம்.

2024 ஏப்ரல் 9

"உலகின் முதல் பெண்ணியப் புரட்சி" என்று ஒருவர் ஆரவாரம் செய்திருக்கிறார். கொஞ்சம் நிறுத்துவோம்.

இதைக் கல்யாண எதிர்ப்பு என்று 1975இல் எழுதியவர் மார்ஜரி டாப்லி. 1950களில் சிங்கப்பூரில் புலால் உண்ணாத பெண்கள் மடங்களில் ஆய்வு செய்தவர் அவர். மடத்தில் கற்பித்த நம்பிக்கை, பிள்ளைப்பேற்றின் பயம், ஆலைக் கூலி மூன்றும் சேர்ந்துதான் இதற்கு வழி செய்தன என்றார். 1989இல் ஜேனிஸ் ஸ்டாக்கார்டு வந்து வேறு மாதிரி சொன்னார். அந்த வட்டாரத்தில் கல்யாணமான பெண்ணே உடனே புருஷன் வீட்டுக்குக் குடிபோக மாட்டாள், மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்குத் திரும்பி, மூன்று வருடம் போல அங்கேயே இருந்து, பண்டிகைக்கு மட்டும் போய்வருவாள், பிள்ளை உண்டானதும்தான் நிரந்தரமாகப் போவாள். நம் ஆடி மாதத்தை மூன்று வருடத்துக்கு இழுத்த மாதிரி. இது எதிர்ப்பு அல்ல, அந்த ஊரின் சாதாரணக் கல்யாண முறையே இதுதான் என்றார். அதிலிருந்து கொண்டை போடுவதற்கு ஒரு அடி தூரம். அடுத்த வருடம் ஹெலன் சியூவும் இது வட்டாரப் பண்பாடு, பட்டு வருவதற்கு முன்பே இருந்தது என்கிற பக்கம் நின்றார்.

நான் ஸ்டாக்கார்டு பக்கம் பாதி சாய்கிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் பணம். இந்தப் பெண்கள் ஊருக்கு அனுப்பிய காசு யாரிடம் போனது? அண்ணனுக்கு வீடு, தம்பிக்குக் கல்யாணச் செலவு, அவன் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம். பலருக்கு, தன்னை மேடையில் ஏற்றாத அதே வம்சத்துக்குத்தான் ஆயுள் முழுக்க உழைப்பு. தந்தை வழிக் குடும்பத்தை எதிர்த்தார்கள் என்று சொன்னால் அந்தக் குடும்பமே சிரிக்கும். ஆனால் புருஷனையும் மாமியாரையும் தவிர்த்தார்கள். மார்ஜரி வுல்ஃப் எழுதியதைப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவிர்ப்பு என்று புரியும். புகுந்த வீட்டில் அந்நியமாக நிற்கும் பெண் தன் பிள்ளைகளை வைத்துத்தான் தனக்கென்று ஒரு குடும்பத்தைக் கட்டிக்கொள்கிறாள், அந்த மகனைப் பங்கு கேட்டு வருபவள் மருமகள் என்று 1972இல் எழுதினார். தைவான் என்கிறார் எழுத்தாளர், எங்கள் ஊர் மாமியார்களைப் பார்த்து எழுதியது போலத்தான் இருக்கிறது.

2024 ஏப்ரல் 21

பினாங்கு நண்பர் மறுபடியும்: "சீனாக்காரர்களின் பெண் குழந்தைகள் தமிழர் வீட்டில் வளர்ந்த கதையும் இதில் வருமா?"

வரும், நேராகவே வரும். மலாயாவில், குறிப்பாக 1930களிலிருந்து ஜப்பான்காரன் காலம் தாண்டி 50கள் வரை, வறுமையாலும் ஜாதகக் கோளாறாலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டன. புலி வருடத்துப் பெண் ஆகாது என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். பிள்ளை இல்லாத தமிழர், மலையாளிகள் வாங்கி வளர்த்தார்கள். பெண் குழந்தையை வெளியே கொடுப்பது சீனர்களுக்குப் புதிதல்ல. வருங்கால மருமகளைச் சிசுவிலேயே வாங்கித் தன் மகனோடு சேர்த்து வளர்க்கும் வழக்கம் வட தைவானில் எவ்வளவு பரவலாக இருந்தது என்று ஆர்தர் வுல்ஃப் பழைய வீட்டுப் பதிவேடுகளிலிருந்து காட்டியிருக்கிறார். எப்படியும் அடுத்த வீட்டு மேடைக்குப் போகப்போகிறவள், முன்கூட்டியே போகட்டும் என்ற அதே கணக்கு. மலாயாவில் அந்த அடுத்த வீடு தமிழ் வீடாக இருந்தது, அவ்வளவுதான்.

என் சித்தியின் மாமியார் அப்படி வந்தவர். பேராக் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தார். சீனம் ஒரு வார்த்தை தெரியாது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார், மாமனார் திவசத்துக்கு எள்ளும் தண்ணீரும் எடுத்து வைப்பது அவர் பொறுப்பு. பெற்றவர்களைத் தேடிப் பார்க்க ஆசை இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "தேடி என்ன, சண்டை போடவா?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அவங்களுக்கும் யாராவது சோறு வைக்கணும் இல்ல" என்றார். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

2024 மே 2

முஸ்லிம்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: மத்தியச் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஹுய் முஸ்லிம் பெண்களுக்குத் தனிப் பள்ளிவாசல்கள் உண்டு. தொழுகை நடத்துவதும் பெண் ஆஹோங்தான், அதாவது பெண் இமாம். கைஃபெங் நகரில் இருப்பது 1820 வரை போகிறது. மரியா ஜஷோக், ஷுய் ஜிங்ஜுன் இருவரும் சேர்ந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். தனி இழை போடும் அளவுக்கு விஷயம் இருக்கிறது, இங்கே கலக்க வேண்டாம்.

2024 மே 18

இன்றைய சீனாவுக்கு வாருங்கள் என்று நச்சரிப்பு. வந்தேன்.

2020 கணக்கெடுப்பில், பதிவான ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்கிறவர்கள் 37.6 கோடி. 1958இல் வந்த குடும்பப் பதிவு முறைதான் இதற்கெல்லாம் அடிப்படை. பதிவு எந்த ஊரோ பெரும்பாலும் அந்த ஊரில்தான் பள்ளியும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும். 1998 வரை குழந்தைக்கு அம்மாவின் பதிவுதான் வரும். அப்பா நகரத்தான், அம்மா கிராமத்தாள் என்றால் பிள்ளை கிராமம். பெயரை அப்பாவிடமிருந்தும் வறுமையை அம்மாவிடமிருந்தும் எடுத்துக்கொள்ளச் சொன்ன சட்டம்.

பெற்றோர் நகரத்தில், பிள்ளை பாட்டியிடம். இப்படி ஊரில் விடப்பட்ட பிள்ளைகள் 6.1 கோடி என்று 2013இல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு சொன்னது. 2016இல் உள்துறை சார்ந்த அமைச்சகம் சொன்ன எண் 90.2 லட்சம். மூன்று வருடத்தில் ஐந்து கோடிப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா திரும்பி வந்துவிடவில்லை. முன்பு 18 வயதுக்குள், பெற்றவர்களில் ஒருவர் வெளியூர் போனாலும் சேர்த்தார்கள். பிறகு 16 வயதுக்குள், இருவரும் போயிருந்தால், அல்லது ஒருவர் போய் மற்றவருக்குப் பார்த்துக்கொள்ளத் திராணி இல்லாவிட்டால் மட்டும். அம்மா ஊரில் இருந்தால் பிள்ளை விடப்பட்ட பிள்ளை இல்லை. அப்பா இருந்தாலும் அப்படித்தான் என்று காகிதத்தில் இருக்கிறது.

இதன் மறுபக்கம் எங்கள் புளோக்கிலேயே இருந்தது. மகனைச் சிங்கப்பூர்ப் பள்ளியில் சேர்த்துக் கூடவே வந்து தங்கிய ஒரு சீனத்து அம்மா, மேல் மாடியில் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். புருஷன் ஊரில். "படிப்புக்கு வந்த அம்மாக்கள்" என்று இவர்களைப் பற்றி இங்கே ஆய்வே இருக்கிறது. பையன் தேர்வு எழுதும் நாளில் மட்டும் குவான்யின் கோயிலுக்குப் போவார். மதம் உண்டா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

2024 மே 19

அமைச்சகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். குடிமை விவகார அமைச்சகம். போலீஸ் வேலை பார்க்கிற உள்துறை அல்ல.

2024 ஆகஸ்ட் 18

ஆவிகள் வந்து உலவும் என்று சீனர்கள் நம்பும் பேய் மாதம். கீழே கூடாரம் போட்டுப் பாட்டுக் கச்சேரி, முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கு. தூங்க வழியில்லை, எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஊர் ஜியாங்சு மாகாணத்து வூசி. ஒரே பிள்ளை. புருஷனும் ஒரே பிள்ளை. ஜியாங்சுவில் ஒரு குழந்தைக் கொள்கையைக் கிராமம் வரைக்கும் இறுக்கமாக நடத்தினார்கள், அதனால் மகன் இல்லாத வீடுகள் ஏராளம். தம்பி இல்லாததால் மகளுக்கே எல்லாச் செலவும் செய்தார்கள் என்று டாலியன் நகரில் ஆய்வு செய்த வனெசா ஃபாங் 2002இல் எழுதினார். அந்த மகள்களுக்கு இப்போது கல்யாணமாகி, மேடைப் பிரச்சினை திரும்பி வந்திருக்கிறது. மகளை அனுப்பிவிட்டால் இந்த வீட்டுக் கல்லறைக்கு யார் போவது?

தெற்கு ஜியாங்சுவிலும் வட செஜியாங்கிலும் இதற்கு ஒரு புது ஏற்பாடு. இருதலைக் கல்யாணம் என்பார்கள். சீதனமும் இல்லை, பெண்ணுக்குக் கொடுக்கும் பணமும் இல்லை. பெண் போகவும் இல்லை, மாப்பிள்ளை வீட்டோடு வரவும் இல்லை. இரண்டு பிள்ளை பெற வேண்டும், ஒன்றுக்கு அப்பா குடும்பப் பெயர், இன்னொன்றுக்கு அம்மா குடும்பப் பெயர். இரண்டு வம்சத்துக்கும் ஆள் கிடைத்துவிடும். என் தோழியும் இப்படித்தான் கட்டினாள்.

கணக்கு இடிப்பது இரண்டாவது பிள்ளையில். 2016இல் எல்லாருக்கும் இரண்டு பெற அனுமதி வந்தது, அந்த வருடம் பிறந்தவை 1.786 கோடி. 2023இல் 90.2 லட்சம். (மேலே சொன்ன 90.2 லட்சமும் இதுவும் தற்செயல், முடிச்சுப் போட வேண்டாம்.) தோழிக்கு ஒரு மகள், புருஷன் பெயரோடு. இரண்டாவது வேண்டாம் என்பது அவள் முடிவு. போன புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது அவள் அப்பா, பேத்தியின் பெயரை மாற்றிப் பதிவு செய் என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்திருக்கிறார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்களாம். அப்பாவுக்கு மதம் உண்டா என்று அவளிடம் கேட்டேன். "கட்சி உறுப்பினர்" என்றாள்.